195 கிலோ வண்டி, 51 கிலோ நான்: பேடாக் ஸ்டாண்டும் 60 ரூபா பலகையும்

பேடாக் ஸ்டாண்ட், அதாவது பின் சக்கரத்த தரைலேர்ந்து தூக்கி நிறுத்துற தனி ஸ்டாண்ட், வாங்கலாமான்னு தேடிட்டு இருக்கவங்களுக்காக தான் இத எழுதுறேன், ஆனா பாதிக்கு மேல டபுள் ஸ்டாண்ட் பத்தி தான் இருக்கும், ஏன்னா நான் அத வாங்கினதுக்கு ஒரே காரணம் எனக்கு டபுள் ஸ்டாண்ட் போட வரல, அவ்ளோதான். ஆன்லைன்ல 2,100 ரூபா. எந்த கம்பெனின்னு சொல்லல, பேர் இல்லாத மாதிரி ஒரு பேர் தான் போட்டிருந்தாங்க, இந்த மாதிரி பத்து பேர் ஒரே பொருள வேற வேற ஸ்டிக்கர் ஒட்டி விக்கிறாங்க.

வண்டி ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350, 2022 மாடல். அண்ணன் வெளிநாடு போறப்ப வித்துடுறேன்னு சொன்னான், நான் தான் என்கிட்ட குடுத்துட்டு போன்னு அடம் பிடிச்சு வாங்கி வெச்சுகிட்டேன். என் உயரம் 5 அடி 2 அங்குலம், எடை 51 கிலோ, வண்டி எடை 195 கிலோ. சீட் உயரம் 805 மில்லிமீட்டர், சிக்னல்ல நுனிக்கால் தான் எட்டும், அதெல்லாம் ரெண்டே வாரத்துல பழகிடுச்சு. ஓட்டிட்டு போய் நிறுத்துற வரைக்கும் நான் ராணி, நிறுத்தினப்புறம் தான் அசிங்கம்.

சைடு ஸ்டாண்ட் போட்டுட்டு போகவேண்டியது தானேன்னு கேப்பீங்க. நானும் ஆறு மாசம் அப்படி தான் ஓட்டினேன். ஆனா திருச்சில எங்க அபார்ட்மெண்ட்ல ஒரு தூணுக்கும் அடுத்த தூணுக்கும் நடுவுல நாலு வண்டி நிக்கணும், நான் சைடு ஸ்டாண்ட் போட்டா வண்டி சாஞ்சு பக்கத்து வீட்டு அங்கிளோட ஸ்கூட்டர் இடத்தையும் சேத்து எடுத்துக்கும், அவரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு ஆனா தினம் காலைல என் வண்டிய ஒரு பார்வை பாப்பாரு பாருங்க, அதுக்கு திட்டியிருந்தாலே தேவலாம். அப்புறம் ஜங்ஷன் பக்கத்துல நான் வண்டி விடுற ஸ்டாண்ட், அங்க சைடு ஸ்டாண்ட் போடக்கூடாதுன்னு செவுத்துலயே எழுதி வெச்சிருக்காங்க, நான் தினமும் தஞ்சாவூர் வேலைக்கு ட்ரெயின்ல போறவ, மாசத்துக்கு பாஸ் போட்டு வெச்சிருக்கேன். அங்க நான் வண்டிய நிறுத்திட்டு யாராச்சும் ஒரு தம்பி வருவானான்னு பாத்துட்டு நிப்பேன், சில நாள் அதுலயே ட்ரெயின் போயிடும்.

இதெல்லாம் விட பெரிய காமெடி ஆயில். கிளாசிக்ல எஞ்சினோட வலது பக்கம் கீழ ஒரு சின்ன கண்ணாடி வட்டம் இருக்கும், அதுல தான் ஆயில் லெவல் பாக்கணும். நான் சைடு ஸ்டாண்ட்ல வெச்சு குனிஞ்சு பாத்தேன், ஆயிலே தெரியல, காலி. பயந்துபோய் எங்க தெரு முனை மெக்கானிக் அண்ணனுக்கு போன் பண்ணி அண்ணே ஆயில் மொத்தமும் ஒழுகிடுச்சு போல, ஸ்டார்ட் பண்ணவே பயமா இருக்குன்னு சொன்னேன். அவரு வந்து டபுள் ஸ்டாண்ட் போட்டாரு, கண்ணாடில பாதிக்கு மேல ஆயில் நிக்குது. வண்டி இடது பக்கம் சாஞ்சிருந்தா ஆயில் இடது பக்கம் தானேம்மா போகும், வலது பக்க கண்ணாடில எப்படி தெரியும்னு கேட்டாரு. டீக்கு மட்டும் காசு வாங்கிட்டு போனாரு, இன்னிக்கு வரைக்கும் என்ன பாத்தா ஆயில் இருக்காம்மான்னு கேப்பாரு.

செயினும் அதே கதை தான். 500 கிலோமீட்டருக்கு ஒருக்கா சுத்தம் பண்ணி ல்யூப் அடிக்கணும், அதுக்கு பின் சக்கரம் தரைல படாம சுத்தணும். சைடு ஸ்டாண்ட்ல வெச்சு வண்டிய ஒரு முழம் தள்ளு, கொஞ்சம் அடி, மறுபடி தள்ளு, மறுபடி அடின்னு பண்ணா அரை மணி நேரம் ஆகும், எங்க அடிச்சோம் எங்க அடிக்கலன்னும் தெரியாது.

சரி, விழுந்த கதை. ஒரு ஞாயித்துக்கிழமை, மழை பெஞ்சு விட்டிருந்துச்சு, போர்டிகோல டைல்ஸ் ஈரம், நான் ஹவாய் செருப்பு. இன்னிக்கு எப்படியாச்சும் போட்டே தீரணும்னு மூச்ச பிடிச்சுட்டு ஹேண்டில்பார ஒரு கைலயும் சீட்டுக்கு பின்னாடி ஒரு கைலயும் பிடிச்சு இழுத்தேன். வண்டி ஏறுற மாதிரி ஏறி, செருப்பு வழுக்கி, வண்டி எனக்கு எதிர்ப்பக்கம் சாஞ்சுடுச்சு. நம்ம பக்கம் சாஞ்சாலாவது இடுப்ப குடுத்து தாங்கலாம், அந்தப் பக்கம் போயிட்டா ஒண்ணும் பண்ண முடியாது, விட்டுட்டு வேடிக்கை தான் பாக்கணும். துளசி தொட்டி போச்சு, வலது பக்க சைடு மிரர் போச்சு, முன் பிரேக் லிவர் வளஞ்சு போச்சு. முழுக்க முழுக்க என் தப்பு. அன்னிக்கு ராத்திரி தான் பேடாக் ஸ்டாண்ட் ஆர்டர் போட்டேன்.

இப்ப பொருளுக்கு வரேன். அஞ்சு நாள்ல வந்துச்சு. உருட்டுக் கம்பில வளச்சு செஞ்சது, கருப்பு பெயிண்ட், கீழ ரெண்டு சின்ன சக்கரம், மேல ரெண்டு பக்கமும் எல் வடிவத்துல ரப்பர் போட்ட தாங்கி, அகலத்த கூட்டி குறைக்க ஸ்க்ரூ. வெல்டிங் ஒரு பக்கம் நல்லா இருந்துச்சு, இன்னொரு பக்கம் பிசிறு பிசிறா இருந்துச்சு, ஆனா உறுதியா தான் இருக்கு, அதுல குறை சொல்ல மாட்டேன். மாட்டுற விதம் என்னன்னா, வண்டிய நேரா நிமித்தி பிடிச்சுக்கணும், பின்னாடி இருந்து ஸ்டாண்ட உள்ள தள்ளி ரெண்டு தாங்கியும் ஸ்விங் ஆர்முக்கு (பின் சக்கரத்த ரெண்டு பக்கமும் பிடிச்சிருக்க கம்பி) கீழ உக்காருற மாதிரி வெக்கணும், அப்புறம் கைப்பிடிய தரைக்கு அழுத்தினா பின் சக்கரம் தூக்கிக்கும். அழுத்துறது ரொம்ப ஈஸி, கைப்பிடி நீளமா இருக்குல்ல, நெம்புகோல் மாதிரி ஒரு கைல அழுத்தினாலே ஏறிடும். அந்த வேலைய மட்டும் வெச்சு பாத்தா அருமையான பொருள்.

ஆனா வண்டிய நேரா நிமித்தி பிடிச்சுக்கணும்னு சொன்னேன் பாருங்க, அங்க தான் மாட்டிகிட்டேன். ஒரு கைல 195 கிலோவ சாயாம பிடிச்சுகிட்டு, இன்னொரு கைல பின்னாடி குனிஞ்சு ஸ்டாண்ட தள்ளி, அந்தப் பக்க தாங்கி சரியா உக்காந்துச்சான்னு எட்டி வேற பாக்கணும். எனக்கு கை அவ்ளோ நீளம் இல்ல. டபுள் ஸ்டாண்ட் போட ஆள் தேடினவ இப்ப பேடாக் ஸ்டாண்ட் போட ஆள் தேடுறேன். போதாக்குறைக்கு என் வண்டில வலது பக்கம் சைலன்சர் பின்னாடி வரைக்கும் நீண்டு வருது, தாங்கி அதுல போய் இடிக்குது, ஸ்க்ரூவ கழட்டி உள்ள தள்ளி வெச்சா இடது பக்கம் செயின் அட்ஜஸ்டர் மேல போய் உக்காருது, மூணு தடவ மாத்தி மாத்தி வெச்சப்புறம் தான் ஒரு இடம் கெடச்சுது. அந்த இடத்துல பெயிண்ட்ல ஒரு கோடு வேற விழுந்துடுச்சு. இன்னொண்ணு, பேடாக்ல ஏத்தினப்புறம் முன் சக்கரம் உருண்டா மொத்தமும் காலி, அதனால பழைய டியூப்ப கிழிச்சு முன் பிரேக் லிவர ஹேண்டிலோட சேத்து கட்டிட்டு தான் பின்னாடி போகணும், இத பொட்டிக்குள்ள வந்த பேப்பர்ல ஒரு வரி கூட சொல்லல.

இதே ஸ்டாண்ட எங்க ப்ளாக்ல ட்யூக் வெச்சிருக்க ஒரு தம்பி என்கிட்ட இரவல் வாங்கி போட்டு பாத்தான், அவனுக்கு சூப்பரா இருக்கு. அவன் வண்டில டபுள் ஸ்டாண்டே கிடையாது, ஸ்விங் ஆர்ம்ல ரெண்டு பக்கமும் பாபின்னு ஒரு குமிழ் மாட்டிட்டு தாங்கிய வி வடிவத்துல மாத்திட்டான்னா கொக்கி மாதிரி பிடிச்சுக்குது, நழுவவே நழுவாது. அதனால பொருள் மோசம்னு நான் சொல்ல வரல. டபுள் ஸ்டாண்ட் இல்லாத வண்டிக்கு நாலு ஸ்டார் குடுக்கலாம். டபுள் ஸ்டாண்டோடவே வர்ற வண்டிக்கு, அதுவும் தனியா இருக்க ஆளுக்கு, ரெண்டு. என்கிட்ட ரெண்டு மாசம் சும்மா நின்னுச்சு, அப்புறம் அந்த தம்பிக்கே 1,200 ரூபாக்கு குடுத்துட்டேன்.

டபுள் ஸ்டாண்ட் போட கத்துக்கிட்டது எந்த வீடியோவும் பாத்து இல்ல. ஜங்ஷன் பக்கத்து ஸ்டாண்ட்ல டோக்கன் போடுற அக்கா ஒருத்தங்க இருக்காங்க, அம்பது வயசு இருக்கும், என்ன விட ஒல்லி, புடவைய தூக்கி சொருகிட்டு புல்லட்டு பல்சருன்னு எது வந்தாலும் டக்கு டக்குன்னு ஏத்தி வரிசைல தள்ளிட்டு போய்கிட்டே இருப்பாங்க. ஒரு நாள் ஆள் யாரும் வரல, நான் முக்கிட்டு இருக்கேன், அவங்க வாய்ல வெத்தலையோட நின்னு பாத்துட்டு, "ஏன் பாப்பா அத தூக்குற? தூக்காத. மேல ஏறி நில்லு"ன்னாங்க. எனக்கு புரியல. வண்டி மேலயான்னு கேட்டேன். தலைல அடிச்சுகிட்டாங்க.

அவங்க சொன்னது ஸ்டாண்டோட அந்த மிதி மேல. நான் அதுவரைக்கும் கால சும்மா அதுல வெச்சுட்டு கையால வண்டிய மேல இழுத்துட்டு இருந்தேன், அதாவது வேலை முழுக்க கைக்கும் முதுகுக்கும். செய்ய வேண்டியது தலைகீழ். கை வண்டிய சாயாம பிடிச்சுக்க மட்டும் தான், தூக்குறது நம்ம உடம்பு எடை. முழு 195 கிலோவையும் நாம தூக்கவும் இல்ல, முன் சக்கரம் தரைல தான் இருக்கு, பின்பக்க பாரம் மட்டும் ரெண்டு விரல் கனத்துக்கு மேல போகணும், அதுக்கு 51 கிலோ தாராளமா போதும், அந்த 51 கிலோவும் மிதி மேல இருந்தா.

நான் இப்ப பண்ற முறைய அப்படியே சொல்றேன். இடது பக்கம் நிக்கணும், ஹேண்டில் லாக் எடுத்தாச்சான்னு பாக்கணும், கியர் நியூட்ரல்ல இருக்கணும். இந்த நியூட்ரல் விஷயம் முக்கியம், நான் சரிவுல நிறுத்துற பழக்கத்துல எப்பவும் ஃபர்ஸ்ட் கியர்ல போட்டு ஆஃப் பண்ணுவேன், அப்படி இருந்தா பின் சக்கரம் உருளாது, ஸ்டாண்ட் ஏறுறப்ப வண்டி பின்னாடி நகந்து தான் மேல வரும், அது நகராட்டி என்ன மிதிச்சாலும் வராது. எத்தன நாள் இதே தப்ப பண்ணிட்டு எனக்கு தெம்பு இல்லன்னு நெனச்சுட்டு இருந்தேனோ தெரியாது. இடது கை ஹேண்டில் பிடில, வலது கை பின் சீட் கைப்பிடி கம்பில, எவ்ளோ கீழ உறுதியான இடம் கெடைக்குதோ அவ்ளோ நல்லது. சாரி கார்ட பிடிக்காதீங்க, அது வளையும், இண்டிகேட்டர கேக்கவே வேணாம். வலது கால் மிதில, விரல் நுனி இல்ல, பாதத்தோட நடுப்பகுதி. மொதல்ல லேசா மிதிச்சு ஸ்டாண்ட தரைல தொட வைக்கணும், அப்ப வண்டிய உங்க பக்கம் இருந்து மெதுவா நேரா நிமித்தினா ஸ்டாண்டோட ஒரு கால் மொதல்ல தொடும், அப்புறம் இன்னொண்ணு தொடும், டொக் டொக்குன்னு ரெண்டு தடவ கால்ல தெரியும். அந்த ரெண்டாவது டொக் வராம மிதிக்கவே கூடாது, ஒத்தக் கால்ல ஏத்தப் பாத்தா தான் வண்டி அந்தப் பக்கம் போகும், நான் துளசி தொட்டிய ஒடச்சது இப்படி தான். ரெண்டும் தொட்டாச்சுன்னா வண்டி தானா நிக்கிற மாதிரி ஒரு லேசு வரும், அப்ப இடது கால தரைல இருந்து எடுக்குற மாதிரி, படில ஏறுற மாதிரி, மொத்த உடம்பையும் மிதி மேல வெச்சு நிமிந்து நிக்கணும். வலது கை கம்பிய மேலயும் பின்னாடியும் கொஞ்சம் வழிகாட்டுனா போதும். வந்துடும். மொத தடவ வந்தப்ப நான் சத்தமா சிரிச்சுட்டேன், டோக்கன் அக்கா எச்சில துப்பிட்டு அடுத்த வண்டிய பாக்க போயிட்டாங்க.

எங்க அப்பா வெச்சிருந்த பழைய புல்லட் ஞாபகம் வந்துச்சு. அது கியர் வலது பக்கம் இருக்க காலத்து வண்டி, காலைல அப்பா டபுள் ஸ்டாண்ட்ல வெச்சு, எஞ்சின் அழுத்தத்த விடுற டிகம்ப்ரெஸ்ஸர் லிவர பிடிச்சுகிட்டு ஆம்பியர் மீட்டர் முள்ள நடுவுக்கு கொண்டு வந்து, ஏறி நின்னு ஒரே மிதி. அவரும் மிதிச்சது காலால இல்ல, உடம்பால தான், சின்ன வயசுல தினமும் பாத்திருக்கேன், ஆனா மண்டைல ஏறல. 1955ல மெட்ராஸ்ல ஆரம்பிச்ச என்ஃபீல்டு இந்தியா கம்பெனி, அந்தக் கால வண்டிய கிக்கர் இல்லாம நெனச்சே பாக்க முடியாது, இப்ப வர்ற கிளாசிக்ல கிக்கரே இல்ல, பட்டன் மட்டும் தான், அப்பா இருந்திருந்தா அதுக்கு ஒரு அரை மணி நேரம் பொலம்பியிருப்பாரு.

இப்ப பலகை. ஸ்டேஷன்ல ஏத்த வந்துடுச்சு, வீட்ல வரல. ஸ்டேஷன்ல மண்ணு கலந்த சிமெண்ட் தரை, ஸ்டாண்ட் கால் நல்லா ஊனும். வீட்ல வழவழன்னு டைல்ஸ், ஸ்டாண்ட் ஊனாம சறுக்கிட்டு பின்னாடியே போகுது. அதுக்கு ஒரு பழைய ரப்பர் மேட்ட ஸ்டாண்ட் கால் வர்ற இடத்துல போட்டேன், சறுக்கல் நின்னுச்சு, ஆனா மேட் கனம் கூடினதால ஏத்துறது இன்னும் கஷ்டமாச்சு, ஏன்னா ஸ்டாண்ட் நிக்கிற இடம் உசந்துடுச்சுல்ல, வண்டியும் அந்த அளவு கூட ஏறணும். அப்ப தான் தோணுச்சு, ஸ்டாண்டுக்கு கீழ உசத்தினா கஷ்டம்னா, பின் சக்கரத்துக்கு கீழ உசத்தினா ஈஸி தானே? பக்கத்து மரக்கடைல போய் 18 எம்எம் ப்ளைவுட் வெட்டுத் துண்டு, ரெண்டு அடி நீளம் ஒரு சாண் அகலம், கேட்டேன். 60 ரூபா. முனைய ராவி சரிவா வெச்சு தாங்கன்னு கேட்டதுக்கு ஒண்ணும் வாங்கல.

பின் சக்கரத்த அந்தப் பலகை மேல உருட்டி ஏத்திட்டு, அப்புறம் ஸ்டாண்ட் மிதிச்சா, நான் பொய் சொல்லல, ஸ்கூட்டர் மாதிரி ஏறுது. ஏற வேண்டிய உயரத்துல முக்காவாசிய பலகையே பாத்துக்குது. ஏறினப்புறம் பலகைய காலால தள்ளி எடுத்துட்டா சக்கரம் ஃப்ரீயா சுத்துது. இதுல ஒரு கணக்கு இருக்கு, பலகை ரொம்ப தடிமனா இருக்கக்கூடாது. மொதல்ல வண்டிய டபுள் ஸ்டாண்ட்ல வெச்சு பின் டயருக்கும் தரைக்கும் நடுவுல எவ்ளோ இடைவெளின்னு அளந்துக்கோங்க, பலகை அத விட கொஞ்சம் கம்மியா இருக்கணும். அத விட கனமா வெச்சா ஸ்டாண்ட் தரைல ஊனாது, ஊனாத ஸ்டாண்ட நம்பி கைய விட்டீங்கன்னா இன்னொரு துளசி தொட்டி தான். பின் டயர்ல காத்து கம்மியா இருந்தாலும் வண்டி கொஞ்சம் கீழ உக்காந்துடும், அன்னிக்கு ஏத்துறது கஷ்டமா இருக்கும். என்னடா நேத்து வந்துச்சு இன்னிக்கு வரலன்னா மொதல்ல காத்த பாருங்க.

இதோட மெக்கானிக் அண்ணன் ஒரு வேலை பண்ணி குடுத்தாரு, ஸ்டாண்ட் மடங்குற இடத்துல இருக்க பிவட் போல்ட்ட கழட்டி துரு தொடச்சு கிரீஸ் வெச்சு மாட்டினாரு, 150 ரூபா. மழைல ஓடின வண்டில அந்த இடம் மண்ணு ஏறி இறுகிப் போயிருக்கும், ஸ்டாண்ட கீழ இறக்குறதுக்கே பாதி தெம்பு போயிடும். கிரீஸ் வெச்சப்புறம் சும்மா கால் பட்டாலே இறங்குது. எங்க அண்ணன் வண்டி வாங்கினதுலேர்ந்து இத யாரும் தொடலன்னு நெனக்கிறேன். மொத்த செலவு பலகையோட சேத்து 210 ரூபா, பேடாக்ல எனக்கு நஷ்டம் மட்டும் 900.

இறக்குறதுக்கும் ரெண்டு வார்த்தை. நான் சைடு ஸ்டாண்ட இறக்கி வெச்சுட்டு தான் இறக்குவேன், தவறி நம்ம பக்கம் சாஞ்சா அது தாங்கும். ரெண்டு கையும் ஹேண்டில்ல, முன்னாடி ஒரு தள்ளு, இறங்கினதும் முன் பிரேக். சீட்ல உக்காந்துட்டு இறக்குறவங்கள பாத்திருக்கேன், அவங்களுக்கு கால் எட்டும், எனக்கு எட்டாது, நான் அந்த வீரத்துக்கு வரல. சரிவான இடமா இருந்தா வண்டி மூஞ்சி மேட்ட பாத்து இருக்கட்டும், டபுள் ஸ்டாண்ட் முன்னாடி தள்ளினா தான் விடுபடும், மூஞ்சி பள்ளத்த பாத்து இருந்தா தானா இறங்கி ஓடிடும். அப்புறம் சித்திரை வெயில்ல தார் ரோட்ல டபுள் ஸ்டாண்டே போடாதீங்க, தார் இளகி ஸ்டாண்ட் கால் உள்ள எறங்கிடும், சாயங்காலம் வந்து எடுக்குறப்ப குழிலேர்ந்து எடுக்குற மாதிரி இருக்கும்.

கால்ல ஷூ போடுங்க. இத எத்தன தடவ வேணா சொல்லுவேன்.

பலகைக்கு ஒரே ஒரு குறை, மழைல நனஞ்சா ஊறிடும், ஓரம் பிரிய ஆரம்பிச்சுடுச்சு. தவிர அது வெறும் பலகை மாதிரியே இருக்கதால யாரு வேணா எடுத்துட்டு போறாங்க. போன மாசம் காணோம்னு தேடினா, வாட்ச்மேன் தாத்தா அவரு நாற்காலி கால் ஆடுதுன்னு கீழ வெச்சிருக்காரு. கேக்க மனசு வரல. மரக்கடைல இன்னொண்ணு வாங்கிட்டேன், இந்த தடவ 70 ரூபா, மேல ரெண்டு கோட் பெயிண்ட் அடிச்சு ஃப்ளாட் நம்பர் எழுதி வெச்சிருக்கேன்.